உம்மைத் தெரியும் என்று கையெழுத்து வைத்தவள்

மாஸ்டர்,

இன்று மத்தியானம் ஓடுகிற பட்டியில் ஒரு தட்டு வந்தது. கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் பெடியள் சாப்பிட்டு முடித்த தட்டுகளைப் பட்டியில் வைப்பதும், அவை சுவருக்கு இந்தப் பக்கம் கழுவுகிற எங்களிடம் ஊர்ந்து வருவதும் உமக்குத் தெரியாததா. அந்தத் தட்டில் ஒரு துண்டு உருளைக்கிழங்கு மிச்சம் இருந்தது. அதற்கு முன்னால் பட்டாணிகள். எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நாலு பின்னுக்கு, நாலு நடுவில், இரண்டு முன்னுக்கு, ஒன்று மட்டும் உருளைக்கிழங்கை ஒட்டிக் காவலுக்கு.

அடுக்கியது புதிதாக வந்திருக்கிற பயிற்சியாளரோ, உம்மிடம் பழகிய பெடியன் எவனோ, தெரியவில்லை. தட்டை எடுக்க எனக்குக் கை வரவில்லை. நான் எடுக்கவில்லை என்று பட்டி நிற்குமா? பின்னால் வந்த தட்டுகள் முட்டுப்பட்டு, கிண்ணம் ஒன்று விழுந்து உடைந்தது. மேற்பார்வைக்காரி ஓடி வந்து, சுகமில்லையா என்று கேட்டாள். பேயைக் கண்டுவிட்டேன் என்று சொல்லிச் சிரித்தேன். அவளும் சிரித்தாள். நான் என்ன சொன்னாலும் இங்கே பகிடி என்றுதான் எடுப்பார்கள். உடைந்த துண்டுகளைக் கூட்டி அள்ளினேன்.

உம்முடைய சாவுக்கு நானும் ஒரு கை கொடுத்தேன் என்கிற பயம் எட்டு மாதமாக என்னோடு இருக்கிறது. அதை உம்முடைய அம்மாவுக்கு ஒளித்து வைத்திருந்தேன். அவரைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஒளித்தேன். போன வெள்ளியோடு அந்த ஒளிப்பு முடிந்துவிட்டது. அந்தக் கதையை உமக்கு எழுதாமல் வேறு யாருக்கு எழுதுவது? ஐந்தாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து இது. பிழை கண்டால் அங்கே இருந்து விசில் ஊதும்.

உம்மைச் சந்தித்ததே ஒரு தட்டால்தானே. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம். ஒருவன் நாள் தவறாமல் தக்காளிச் சோஸால் தட்டு முழுக்க அம்புக்குறி கீறி அனுப்புவான். காய்ந்துபோய், தேய்க்கத் தேய்க்கப் போகாது. இந்த நாட்டில் யாருக்கு விளங்கப்போகிறது என்ற துணிச்சலில் ஒருநாள் பெருங்குரலில் பேசிவிட்டேன்.

"எந்த மூதேவியடா தட்டிலை கோலம் போட்டு அனுப்புறது?"

பட்டி வருகிற துவாரத்தால் ஒரு தலை உள்ளே எட்டிப் பார்த்தது.

"நான்தான் அக்கா அந்த மூதேவி. அது கோலம் இல்லை, கோர்னர் கிக்."

டோர்ட்மண்ட்டில் வளர்ந்த பிள்ளையின் வாயில் அப்படி ஒரு யாழ்ப்பாணத் தமிழ். ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்து வந்தீராம். விளையாட்டுக் கல்வி படித்து, இந்தக் கல்லூரியின் உதைபந்தாட்ட அணிக்குப் பயிற்சி கொடுக்கிறீராம். எங்கள் ஊர் வழக்கப்படி அன்றே உமக்கு மாஸ்டர் என்று பட்டம் கட்டினேன். நீரும் சோஸை விட்டு, பட்டாணியை ஆட்டக்காரராக அடுக்கத் தொடங்கினீர். அக்காவுக்குக் கழுவச் சுகமாக இருக்கட்டும் என்று.

அணியோ அப்படி ஒரு அணி. எல்லா நாட்டுப் பிள்ளைகளும் இருந்தார்கள், வெற்றிதான் இல்லை.

"என்ன மாஸ்டர், எத்தினை கோல் வாங்கினீங்கள்?"

"நாலு."

"போனமுறை ஆறு. முன்னேற்றம்தான்."

நீர் விழுந்து விழுந்து சிரிப்பீர். ஒரு சனிக்கிழமை ஆட்டிறைச்சி ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு மைதானத்துக்கே வந்தேன். என் சத்தம்தான் அங்கே பெரிய சத்தம். உமக்குச் சத்தம் போடவே தெரியாது. பிழை விட்ட பிள்ளையைக் கூப்பிட்டு, தோளில் கை போட்டுப் பாதி மைதானம் நடப்பீர், அவ்வளவுதான். பயந்தவனைத் தனிய விடக்கூடாது அக்கா, பக்கத்திலை வைச்சிருக்கவேணும் என்பீர். அன்று எடுத்த படத்தில் நான் ரோல்ஸ் தட்டோடு நடுவில் நிற்கிறேன். உம்முடைய கை என் தோளில். பின்னால் ஐந்து கோல் வாங்கிய முகங்கள். என் மனிசன் அதைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினார். அந்தப் படம் பிறகு என்னைக் காட்டிக் கொடுத்தது.

உம்முடைய சிரிப்பு நின்ற நாளும் எனக்கு நினைவிருக்கிறது. இடைவேளையில் வெளியே வந்து பார்க்கிறேன், உம்முடைய தட்டில் பத்துப் பட்டாணிதான்.

"பதினொண்டாவது எங்கை மாஸ்டர்? பசியிலை விழுங்கிப்போட்டீரோ?"

"கோல்கீப்பர் போயிட்டான் அக்கா. உக்ரேனுக்கு. சண்டைக்கு."

அந்தப் பொன்முடிப் பெடியன். என் ரோல்ஸில் ஏழு தின்றவன். நீர் முள்ளுக்கரண்டியால் ஒரு பட்டாணியை அங்கும் இங்கும் உருட்டினீர்.

"அவன் போறான். நான் இஞ்சை பட்டாணி அடுக்கிறன்."

"நல்ல வேலைதானே. விடாமல் அடுக்கும்," என்றேன். சிரிப்பீர் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் பயம் அன்றுதான் தொடங்கியது.

சில மாதம் கழித்து, ஜெர்மன் இராணுவத்தில் அதிகாரியாகச் சேர விண்ணப்பம் போட்டிருக்கிறேன் என்றீர். உம்முடைய படிப்புக்கு நேரடியாக எடுப்பார்களாம். உம்முடைய அம்மா மூன்று நாள் சமைக்கவில்லை. "ஆமிக்குப் பயந்து உன்னைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தனான். நீ ஆமிக்கே போறியோ?" என்று கேட்டாராம். அதை என்னிடம் சொன்ன அதே மூச்சில், "என்னைத் தெரிஞ்ச ஆள் எண்டு உங்கடை பேரையும் குடுத்திருக்கிறன் அக்கா. ஆரும் வந்து கேட்டால் என்னைப் பற்றிச் சொல்லுங்கோ," என்றீர். என் கை இரண்டும் சவர்க்காரத் தண்ணீருக்குள். "ஓம் ஓம், பந்து உம்மைக் கண்டால் பயந்து ஓடும் எண்டு சொல்லுறன்," என்றேன். அதோடு மறந்தேன்.

கோடை முடிகிற நேரம் ஒரு செவ்வாய்க்கிழமை. வீட்டில் தனியே இருந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். மணி அடித்தது. மண்ணிறக் கோட்டுப் போட்ட ஒரு மனிதர், கையில் தோல்பை. அட்டை ஒன்றைக் காட்டி, மரியாதையாக ஏதோ நீளமாகச் சொன்னார். இராணுவம் என்ற சொல் மட்டும்தான் என் காதில் நின்றது. வருவதாகக் கடிதம் போட்டிருந்தாராம். வீட்டு ஹீட்டர் பில்லாக்கும் என்று அதைப் பிரிக்காமலே மேசை லாச்சிக்குள் போட்டிருந்தேன்.

கதிரையில் இருந்தார். பையைத் திறந்து தாள் ஒன்றை எடுத்து உம்முடைய முழுப் பெயரையும், அப்பாவின் பெயரோடு, எழுத்து எழுத்தாக வாசித்தார். இவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியாது," என்றேன்.

யோசித்துச் சொல்லவில்லை, மாஸ்டர். நெருப்புச் சுட்டால் கை தானாக இழுபடுமே, அதுபோல வந்தது.

பத்து வருடப் பழக்கம் என்று அவர் எழுதியிருக்கிறாரே என்றார். தெரியாது என்றேன். கண்டதே இல்லையா என்றார். இல்லை. அவருடைய கண் மெல்ல மெல்லக் குளிர்பெட்டிக்குப் போனது. எழுந்து கிட்டப் போனார். தாளில் ஒட்டியிருந்த உம்முடைய முகத்தைப் பார்த்தார், கதவில் சிரிக்கிற முகத்தைப் பார்த்தார். அப்படியானால் இது யார் என்று கேட்டார்.

"அது வேறு ஆள். எங்கள் ஆட்கள் எல்லோரும் பார்க்க ஒரே மாதிரித்தான் இருப்போம்."

அவர் சிரிக்கவில்லை. ஏதோ எழுதினார், நன்றி சொன்னார், போனார். கதவைச் சாத்திவிட்டு அதில் முதுகை வைத்தபடி அரை மணித்தியாலம் நின்றேன். பிறகு சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றினேன். உம்மைக் காப்பாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். தொலைபேசியில் சொன்னால் ஒட்டுக் கேட்பார்கள் என்று உமக்கும் சொல்லவில்லை.

இரண்டு கிழமை கழித்துச் சமையலறைப் பின்கதவில் வந்து நின்றீர். முகம் வெளுத்திருந்தது.

"அக்கா, என்னைத் தெரியாது எண்டு சொன்னனீங்களோ?"

"ஓம். பயப்பிடாதையும். ஒரு சொல்லும் விடேல்லை."

"படத்தையும் காட்டிக் கேட்டவராமே?"

"அது வேறை ஆள் எண்டு சொல்லிப்போட்டன்."

"ஏன் அக்கா?"

"ஏனோ? உம்மைக் காப்பாத்தத்தான்."

"ஆரட்டை இருந்து?"

யாரிடம் இருந்து? இது வேறு நாடு, வேறு இராணுவம், நீரே விரும்பிப் போகிற இடம். நீர் வெங்காய மூட்டையில் குந்தி இருந்து மெல்லச் சொன்னீர். நீரே பேர் கொடுத்த ஆள் உம்மைத் தெரியாது என்கிறாள், வீட்டில் படமும் ஒட்டியிருக்கிறது. அப்படியானால் என்னத்தை மறைக்கிறீர்கள் என்று அங்கே கேட்கிறார்களாம். பயிற்சி ஒரு மாதத்தில் தொடங்கும். அதற்குள் இந்தச் சந்தேகம் தீராவிட்டால் உமக்கு இடம் இல்லை.

அப்போதுதான் உமக்குத் தலையாட்டியைப் பற்றிச் சொன்னேன். ஆறு வயதில் வந்தவருக்கு அது தெரிந்திருக்க நியாயம் இல்லை. எனக்குப் பதினொரு வயது. ஆமிக்காரர் ஊரைச் சுற்றி வளைத்து, எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்தில் வரிசையாக நடக்க விட்டார்கள். வரிசை முடிகிற இடத்தில் ஒருவனை இருத்தியிருந்தார்கள். தலையில் சாக்கு, கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. அவன் சும்மா இருந்தால் நீ வீட்டுக்குப் போகலாம். தலையை ஆட்டினால் உன்னைத் தெரியும் என்று அர்த்தம். எனக்கு முன்னால் போனவர் பக்கத்து வீட்டு அண்ணை, சைக்கிள் திருத்துகிறவர். சாக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைந்தது. அண்ணை திரும்பி வரவேயில்லை. அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரே பாடம்தான். யார் கேட்டாலும், யாரைக் கேட்டாலும், தெரியாது. ஐந்து வருடம் படித்ததில் மறந்தது பாதி. இதை மட்டும் மறக்கவில்லை.

நீர் கீழே கிடந்த வெங்காயச் சருகைப் பொறுக்கினீர்.

"நீங்கள் அங்கை போய்ச் சொல்லவேண்டாம் அக்கா. நான் இதை விடுறன்."

"விடும். நல்லது. பட்டாணியை அடுக்கும்," என்றேன். வாய் பழக்கத்துக்குப் பகிடி சொன்னது.

ஓம் என்று சொல்லிவிட்டு எழுந்து போனீர். பின்னால் நின்று பார்த்தேன். நீர் தோற்றதைப் பத்து வருடமாகப் பார்த்திருக்கிறேன். தோற்றவர் போல நடந்ததை அன்றுதான் பார்த்தேன்.

மேற்பார்வைக்காரியைக் கொண்டு தொலைபேசி எடுப்பித்து அந்த மண்ணிறக் கோட்டுக்காரரைச் சந்திக்க நேரம் கேட்டுத் தெர்மின் வாங்கினேன். உமக்குச் சொல்லவில்லை. என் மனிசனுக்கும் சொல்லவில்லை. இராணுவக் கட்டடம். வாசலில் துவக்கோடு ஒரு பெடியன், மீசை கூட ஒழுங்காக முளைக்கவில்லை. அவன் வாய் திறக்க முதலே அடையாள அட்டையை எடுத்து நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றுவதா என்று யோசித்தபடி நின்றேன். காலை வணக்கம் என்றான் அவன்.

உள்ளே அதே மனிதர். தண்ணீர் ஊற்றித் தந்தார். இவரைத் தெரியுமா என்று மறுபடி கேட்டார். ஓம் என்று ஒரு சொல், அது வரவில்லை. தலையையாவது ஆட்டுவோம் என்றால் கழுத்து இரும்பு. சாக்குக்குள் இருந்தவனுக்கும் இப்படித்தான் இருந்திருக்குமோ என்று முதல் முறையாக நினைத்தேன். அந்த நினைப்பு இன்னும் பயமாக இருந்தது. மனிதர் அவசரப்படவில்லை. கடைசியில் என் தலை அசைந்தது. ஒருமுறைதான். எனக்கு அது போதாது போல் இருந்தது. வாயையும் திறந்தேன்.

திறந்தால் மூடத் தெரியாதவள் அல்லவா நான். முதலில் பொய் சொன்னதையும், ஏன் சொன்னேன் என்பதையும் சொன்னேன். என் ஜெர்மனில் சாக்குக்கும் உருளைக்கிழங்குப் பைக்கும் ஒரே சொல்தான். அவருக்கு அது விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. விளங்கியதும் பேனையை வைத்துவிட்டார். பிறகு உம்மைப் பற்றிக் கேட்டார். குடிப்பாரா? ஒரு பியர் குடித்தால் பாடுவார், பாட்டு நன்றாக இராது. கோபக்காரரா? கோபப்பட்டிருந்தால் அணி இரண்டு கோலாவது அடித்திருக்கும். பொய் சொல்வாரா? என்னை விடக் குறைவு. கால் முறிந்த பிள்ளையோடு இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்ததைச் சொன்னேன். பட்டாணியைச் சொன்னேன். முடிவில், இவருக்குக் கீழே வேலை செய்யச் சொன்னால் செய்வீர்களா என்றார்.

"இவருக்குப் பின்னால் ஓடுவேன். தோற்கிற பக்கம் ஓடினாலும் ஓடுவேன்."

எல்லாவற்றையும் எழுதினார். வாசித்துக் காட்டினார். கையெழுத்து வையுங்கள் என்றார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையின் எழுத்தில், தமிழில் வைத்தேன். வெளியே வந்து டிராம் தரிப்பில், தின்றதை எல்லாம் சத்தி எடுத்தேன்.

அடுத்த வசந்தத்தில் சீருடையோடு பின்கதவால் வந்தீர். நான் தட்டுக் கழுவும் இயந்திரத்துக்குப் பின்னால் பதுங்கிவிட்டேன். "அக்கா, நான்தான்," என்று தொப்பியைக் கழற்றினீர்.

"முடியை ஆருக்குக் குடுத்தீர் மாஸ்டர்? தோளிலை ரெண்டு நட்சத்திரம் கிடக்குது. கோல் ஒண்டையும் காணேல்லை."

சிரித்தீர். பழைய சிரிப்பு. அதைப் பார்க்கத்தானே போய்த் தலையை ஆட்டினேன். பயமில்லையா என்று கேட்டேன்.

"பயம்தான் அக்கா. பயமில்லாதவன்ரை கையிலை என்ரை பெடியளைக் குடுக்க மாட்டன்."

போன கார்காலம், பயிற்சிக்குப் போன வாகனம் மழையில் புரண்டதாம். குண்டும் இல்லை, சண்டையும் இல்லை. உள்ளே இருந்த மற்றவர்கள் காயத்தோடு தப்பினார்கள். செத்த வீட்டில் உம்முடைய அம்மா யாரையும் பார்க்கவில்லை. பெட்டியைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"என்ரை பிள்ளைக்கு நல்ல சொல் சொல்லி அங்கை அனுப்பினது ஆரோ, அவையின்ரை வாய் புழுத்துப் போகட்டும்."

அப்போது என் கை அவருடைய முதுகில் இருந்தது. எடுக்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

அதன் பிறகுதான் வெள்ளிக்கிழமைகள். மரக்கறி வாங்கிக்கொண்டு போவேன், தொலைக்காட்சித் தொடரில் வருகிற மாமியாரைப் போல நடித்துக் காட்டுவேன். சில நாள் சிரிப்பார். அவர் சிரிக்கும்போதுதான் எனக்குப் பயம் கூடும். தெரிந்தால் இந்தச் சிரிப்பு என்ன ஆகும்? தெரியாது என்று அன்று அந்த மனிதரிடம் சொன்னதோடு விட்டிருந்தால் நீர் இப்போதும் மைதானத்தில் ஐந்து கோல் வாங்கிக்கொண்டிருப்பீர். இதை நினைக்காமல் நான் அந்தப் படி ஏறியதில்லை.

போன வெள்ளி போஞ்சிக்காய் அரிந்துகொண்டிருந்தோம். ஊன்ட்றொப் அம்மன் கோயில் தேருக்கு உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார். "அவன்ரை பேரிலை அர்ச்சனை செய்யவேணும். நீயும் பக்கத்திலை நில்லு. அவனுக்கு நீ சொந்த அக்கா மாதிரி." அதற்கு மேல் எனக்கு ஏலவில்லை.

"அன்ரி, அந்த நல்ல சொல் சொன்னது நான்தான்."

கத்தி நின்றது. தெரியாது என்றதில் தொடங்கிக் கையெழுத்து வரைக்கும் ஒன்றும் விடாமல் சொன்னேன். அவர் போஞ்சிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் தெரியாது எண்டு சொன்னனியோ?"

"ஓம் அன்ரி."

"அதோடை விட்டிருக்கலாமே, பிள்ளை."

"விட்டிருக்கலாம் அன்ரி."

போ என்று சொல்வார், எழும்புவோம் என்று கால் இரண்டையும் கூட்டினேன்.

"நீ சொன்னதெல்லாம் அந்த மனுசன் எழுதினவனோ?"

"எழுதினவர். வாசிச்சும் காட்டினவர்."

"அந்தத் தாளை எங்கை வைச்சிருப்பினம்?"

"ஆமிக் கந்தோர் அலுமாரியிலைதான் அன்ரி. எறிய மாட்டினம். இவங்கள் ஒண்டையும் எறியிறதில்லை."

அவர் கத்தியை மேசையில் வைத்தார்.

"ஊரிலை எங்கடை பிள்ளையளின்ரை பேர் கந்தோரிலை எழுதிக் கிடந்தா, அது பிடிச்சுக்கொண்டு போறதுக்கு. என்ரை பிள்ளையின்ரை பேர் நல்லவன் எண்டு எழுதிக் கிடக்குதோ?"

"ஓம் அன்ரி."

"தமிழிலையோ கையெழுத்து வைச்சனீ?"

"தமிழிலைதான்."

மூக்கைச் சேலைத் தலைப்பில் துடைத்தார். திரும்பக் கத்தியை எடுத்தார்.

"மன்னிச்சுப்போட்டன் எண்டு நினையாதை. வெங்காயத்தை உரி."

உரித்தேன். கண்ணீருக்கு ஒரு சாட்டும் கிடைத்தது.

பயம் போய்விட்டது என்று உமக்குப் பொய் எழுத மாட்டேன், மாஸ்டர். அவர் மன்னிக்கவில்லை, நானும் என்னை மன்னிக்கவில்லை. சீருடையைக் கண்டால் இன்றும் தெருவின் மற்றப் பக்கம் மாறுகிறேன். இந்த நகரத்தில் எங்கேயோ ஒரு அலுமாரியில், உம்முடைய பெயருக்குக் கீழே என்னுடைய பெயர் கோணல் மாணலாகக் கிடக்கிறது. இந்த ஆளை உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, ஒருநாள் யாராவது அந்தத் தாளோடு என் கதவைத் தட்டுவார்கள் என்று பயந்துகொண்டுதான் இருக்கிறேன். தட்டட்டும். பயந்தபடியே கதவைத் திறப்பேன். உள்ளே கூப்பிட்டு, இருத்தி, சாப்பிடக் கொடுத்து, முதலில் இருந்து சொல்வேன்.